கல்லடியில் நாலு இரவு, இரண்டு வீடு: ஆப்பில் எடுத்த அறை பற்றி

சொந்த ஊரில் காசு குடுத்து அறை எடுத்துத் தங்கியதற்காக அம்மா இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை, அதனால் இதை அவர் கண்ணில் படாமல்தான் எழுதுகிறேன். நடந்தது இதுதான். மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் என்றால் எங்கள் வீட்டில் பாய் விரிக்க இடம் இராது. கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு பட்டாளம், களுவாஞ்சிகுடியிலிருந்து இன்னொரு பட்டாளம், இந்தமுறை அதற்கு மேல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பெரியம்மாவின் மகள் அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள். பதினாறு பேருக்கு ஒரு குளியலறை. காலை நாலரைக்கே வாளியோடு வரிசை. அத்தான் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார், மூன்றாம் நாள் போனை எடுத்து ஆப்பில் கல்லடிப் பக்கம் வீடு தேடத் தொடங்கிவிட்டார். ஊர் தெரிந்த ஆள் ஒன்று கூட இருக்கட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆக இது இரண்டு வீடுகளைப் பற்றிய விமர்சனம். முதல் இரவு ஒன்று, அடுத்த மூன்று இரவு இன்னொன்று. இரண்டும் ஒரே ஆப்பில், ஒரே மாதிரி அழகான படங்களோடு, இரண்டுக்கும் ஐந்துக்குக் கிட்ட நட்சத்திரம். எந்த ஆப் என்பதை விட்டுவிடுவோம்.

முதல் வீடு கடற்கரைப் பக்கம், இரவுக்கு 24,000 ரூபா. யாருடையது, எந்த ஒழுங்கை என்றும் சொல்லப்போவதில்லை. கேற்றில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று தொங்குகிறது, போனுக்கு வந்த நாலு இலக்கத்தைத் திருப்பினால் திறக்கும், உள்ளே சாவி. வரவேற்க ஒரு ஈ காக்கை இல்லை. உள்ளே எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது, கதிரையில் சாய உறை போட்ட தலையணை, சுவரில் ஆங்கிலத்தில் ஏதோ வாசகம், குசினியில் பளபளவென்று ஆறு கோப்பை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். நானும் பரவாயில்லையே என்றுதான் நினைத்தேன், இரவு ஒன்பது மணி வரைக்கும்.

ஒன்பது மணிக்குத் தண்ணீர் நின்றது. சின்னவன் தலை நிறைய சவர்க்காரத்தோடு குளியலறைக்குள் நின்று கத்துகிறான். மோட்டர் இருக்கும் சின்ன அறைக்கு வெளிப்பூட்டு. சொந்தக்காரருக்கு மெசேஜ் போட்டோம், அவர் கொழும்பில். முக்கால் மணித்தியாலம் கழித்து, பார்த்துக்கொள்ளும் பொடியனிடம் சொல்கிறேன் என்று பதில். அந்தப் பொடியன் ஏறாவூரில் ஒரு கலியாண வீட்டில். ஆப்பின் உதவிப் பகுதிக்கு எழுதினால், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், தயவுசெய்து வீட்டுக்காரரைத் தொடர்பு கொள்ளுங்கள் என்று தேன் தடவிய பதில் வருகிறது. கடைசியில் நான் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன். வயதான ஒரு அம்மா லாம்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "இந்த வீட்டுக்கு வாற ஆக்கள் எல்லாரும் கடைசியில எங்கட கிணத்துக்குத்தான் வாறாங்க மனே, வாளி அங்க கிடக்கு, அள்ளுங்க" என்றார். 24,000 ரூபா குடுத்த வீட்டில் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் குளித்தோம். அந்தத் தண்ணீருக்கு அந்த அம்மா ஒரு சதம் வாங்கவில்லை. இந்த ஆப்களின் வியாபாரத்தைப் பகிர்வுப் பொருளாதாரம், பகிர்வுப் பொருளாதாரம் என்கிறார்களே, அன்றிரவு அந்த ஒழுங்கையில் எதையாவது பகிர்ந்தது அவர் ஒருவர்தான்.

வாளி நிறையும் நேரத்தில் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். முன்பு அந்த வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பம் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்ததாம். மாத வாடகையைவிட வெளிநாட்டுக்காரருக்கு ஒரு கிழமைக்கு விட்டால் கூடக் காசு வரும் என்று கண்டதும் வீட்டுக்காரர் அவர்களை எழுப்பிவிட்டாராம். வாத்தியார் இப்போது ஆரையம்பதியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார்.

இதைக் கேட்டதும் அத்தான் பிடித்துக்கொண்டார். அவருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய காய்ச்சல் உண்டு, அவர் இருக்கும் நகரத்தில் இது ஒரு அரசியல் பிரச்சினை. அவருடைய மாடிக்கு மேல்மாடியில் இருப்பவர் கோடையில் ஊருக்குப் போகும்போது வீட்டை ஆப்பில் விட்டுவிட்டுப் போவாராம். அதற்கு நகரசபையின் அனுமதி எடுக்க வேணும், விளம்பரத்தில் பதிவு இலக்கம் போட வேணும், ஒவ்வொரு தடவையும் ஆட்கள் வந்து தங்கும் முன் நகரசபைக்கு அறிவிக்க வேணும், ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் கூடாது, நகரத்தின் பெரும்பாலான பகுதிகளில் வருஷத்துக்கு 30 இரவுக்கு மேல் கூடாது. விடுபவர் உண்மையிலேயே அந்த வீட்டில் குடியிருப்பவராகவும் இருக்க வேணும். தொடக்கத்தில் 60 இரவாக இருந்ததை 2019இலிருந்து 30 ஆக்கினார்கள். 2020இல் நகரத்தின் நடுவில் மூன்று பகுதிகளில் முழுதாகவே தடை போட்டுப் பார்த்தார்கள், அப்படித் தடை செய்ய வீட்டுச் சட்டத்தில் இடமில்லை என்று 2021இல் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. தங்குபவர் கட்டும் சுற்றுலா வரி மட்டும் 2024இலிருந்து நூற்றுக்கு 12.5.

"30 இரவா? அது என்ன கணக்கு அத்தான், 31ஆவது இரவு படுத்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உனக்கு நாளைக்கு விளங்கும், இப்ப போய்ப் படு" என்றார். மின்விசிறி மெதுவாகச் சுற்ற, காதுக்குள் நுளம்பு பாட, படுத்தோம். நுளம்பு வலை படத்தில் இருந்தது, வீட்டில் இல்லை.

அடுத்த நாள் காலையில் மிச்ச இரவுகளை ரத்துச் செய்துவிட்டு இரண்டாவது வீட்டுக்கு மாறினோம். முதல் வீட்டுக் காசில் பாதி திரும்பி வந்தது, மீதிக்கு இன்னும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது.

இரண்டாவது வீடு பாலத்துக்கு இங்கால், வாவிப் பக்கம், ஒரு மணல் ஒழுங்கைக்குள். இரவுக்கு 9,500 ரூபா, இரண்டு அறை, காலைச் சாப்பாடு சேர்த்து. வளவுக்குள் இரண்டு தென்னை, ஒரு மா, ஒரு கிணறு, ஒரு வயதான நாய். முன்வீட்டில் அன்ரி இருக்கிறார், பின்னால் தனிவாசலோடு இரண்டு அறை. வந்திறங்கியதும் பையை வைக்க விடவில்லை, "வெயிலுக்குள்ளால வந்த பிள்ளைகள், முதல்ல இருந்து தேத்தண்ணி குடியுங்க, மறுகா அறையப் பாக்கலாம்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். அக்காவைப் பார்த்து "எந்த ஊர்ப் பிள்ளகா நீ?" என்று கேட்டு, ஐந்து நிமிஷத்தில் பெரியம்மாவின் சீதனக் காணி எந்தப் பக்கம் என்பது வரை போய்விட்டார். ஆம்ஸ்டர்டாம் நகரசபைகூட இவ்வளவு விசாரித்திருக்காது.

அந்த அறைகளின் கதைதான் எனக்குச் சுவாரசியம். கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதால் அக்கம்பக்கத்தில் பிள்ளைகள் போடிங் எடுத்துத் தங்குவது வழக்கம். அன்ரியின் அறைகளிலும் மலையகத்திலிருந்து நடனம் படிக்க வந்த இரண்டு பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். விடுமுறைக்கு அவர்கள் ஊருக்குப் போனதும் அறை சும்மா கிடக்கும், அந்த நாட்களுக்கு மட்டும் ஆப்பில் போடுவார். வருஷத்தில் எத்தனை நாள் வரும் என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணி, "ஒரு மாதம் வருமா மனே, அதுக்குக் கொஞ்சம் கூடக் குறைய" என்றார். அத்தான் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். 30 இரவுக் கணக்கு அப்போதுதான் விளங்கியது.

2008இல் சான் பிரான்சிஸ்கோவில், வீட்டையும் அறையையும் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தொடங்கியபோது அது இந்த அன்ரியின் கதைதான். வாடகை கட்டக் காசில்லாதவர்கள் வீட்டு மண்டபத்தில் காற்று மெத்தை விரித்து ஆள் படுக்க விட்டார்கள். சும்மா கிடப்பதைப் பகிர்வது. அதற்குள் முதல் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள் நுழைந்ததும் ஹோட்டலுக்குரிய வரியும் சோதனையும் இல்லாத ஹோட்டலாக, குடியிருப்பவனை எழுப்பிவிட்டு நடத்தும் ஹோட்டலாக அது மாறிவிட்டது. ஐரோப்பிய நகரங்கள் பத்து வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி எங்கே போடுவது என்றுதான். லண்டனில் 90 இரவு என்று 2015இல் வைத்தார்கள். பாரிஸ் தன் குடிமக்களின் சொந்த வீட்டுக்கு 120 இரவு வைத்திருந்து 2025இலிருந்து 90 ஆக்கியது. பார்சிலோனா மேயர் 2024இல் ஒரே போடாகப் போட்டார், நகரத்தில் உள்ள 10,101 சுற்றுலா வீட்டு அனுமதிகளில் ஒன்றையும் புதுப்பிக்கப் போவதில்லை, 2028 நவம்பரோடு எல்லாம் முடிகிறது என்று. புளோரன்ஸில் பழைய நகரப் பகுதிக்குள் கேற்றிலும் சுவரிலும் தொங்கும் சாவிப்பெட்டிக்கே தடை. முதல் வீட்டுக் கேற்றைக் கண்டதும் அக்காவின் மூத்தவள் "இது ஆம்ஸ்டர்டாமிலயும் இருக்கே" என்றது இந்தப் பெட்டியைத்தான்.

சரி, சாப்பாடு. முதல் நாள் காலை புட்டு, கூனி இறால் சம்பல், வாழைப்பழம். இரண்டாம் நாள் இடியப்பம், சொதி, அதோடு வாவி மீனில் ஒரு குழம்பு, அந்தக் குழம்பைப் பற்றித் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம், புளி கொஞ்சம் தூக்கலாக, மேலே எண்ணெய் மிதக்காமல், சட்டியிலேயே கொண்டுவந்து வைத்தார். மூன்றாம் நாள் பாலும் பழமும் என்று சொல்லிவிட்டு எருமைத் தயிரும் பாணியும். அத்தான் தயிரை மூன்று முறை வாங்கினார். அவருக்கு அங்கே சிறு பிளாஸ்டிக் டப்பாவில் கிடைப்பது தயிரே இல்லை என்பது என் நெடுநாள் கருத்து.

குறைகளையும் சொல்ல வேணும். விளம்பரத்தில் வாவி தெரியும் படம் அன்ரியின் வீட்டிலிருந்து எடுத்ததல்ல, பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஏறி எடுத்தது. அன்ரி வீட்டிலிருந்து தெரிவது மாமரமும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியும். ஏசி இருக்கிறது, போட்டால் இரவுக்கு 1,500 தனி, அது விளம்பரத்தில் இல்லை. குளியலறைக் கொண்டி சரியில்லை, உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேணும். "பாடும் மீன் கேட்கலாம்" என்று வேறு எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாவியில் இரவில் கேட்கும் ஒலியைத்தான் பாடும் மீன் என்பார்கள், அது முழுநிலவுக்குப் பாடுமாம், நாங்கள் போனதோ அமாவாசைக்கு. பிள்ளைகள் இரண்டு பேரும் இரவு பத்து மணிக்குப் பழைய பாலத்தின் கம்பியில் காதை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நீரில் துடுப்பைக் குத்திக் காதை வைத்துக் கேட்டால் கேட்கும் என்று ஒரு தோணிக்காரர் ஆசை காட்டினார், அக்கா விடவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை, ஆப்பின் கணக்கு கட்டாரில் வேலை செய்யும் மகன் பெயரில் இருப்பது. ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதியது அவர், காசு விழுவது அவருடைய கணக்கில், மெசேஜ் போட்டால் பதில் எழுதுவதும் அவர். முதல் நாள் இது தெரியாமல் அத்தான், "சூடு தண்ணி கிடைக்குமா?" என்று ஆப்பில் எழுதினார். அது கட்டாருக்குப் போய், அங்கேயிருந்து மகன் அன்ரிக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பி, அன்ரி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, எங்கள் ஜன்னலுக்கு வந்து, "ஏன் மனே, சுடுதண்ணிக்கு கட்டாருக்குப் போன் அடிக்கிறியள், இதில நிண்டு கூப்பிட்டா எனக்குக் கேக்காதா?" என்றார். பதினைந்து அடி தூரம்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், அங்கேதான் அத்தானுடைய அடுத்த பாடம் தொடங்கியது, யாருடைய வருமானம், யார் பொறுப்பு, யாருக்குத் தெரியும் என்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023இலிருந்து எந்த வீட்டுக்காரர் எவ்வளவு உழைத்தார் என்ற கணக்கை ஆப்களே வருமான வரிக்காரருக்கு அனுப்ப வேணும். அதற்கு மேல் 2024இல் குறுங்கால வாடகைக்கென்று தனிச்சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள், 2026 மே 20 இலிருந்து செல்லுபடி. பதிவு முறை வைத்திருக்கும் இடங்களில் வீட்டுக்கு ஒரு இலக்கம், அந்த இலக்கம் விளம்பரத்தில் தெரிய வேணும், எத்தனை இரவு எத்தனை பேர் தங்கினார்கள் என்று பெரிய ஆப்கள் மாதாமாதம் அரசாங்கத்துக்குக் குடுக்க வேணும். இதைக் கேட்டு அன்ரிக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேணும். "என்ட வீட்டில ஆர் வந்து படுக்கிறாங்க எண்டு மாதாமாதம் அரசாங்கக் கச்சேரிக்குச் சொல்லவேணுமா? கிராமசேவகருக்குத் தெரியும், கோயில் தலைவருக்குத் தெரியும், அது காணாதா?"

காணாதுதான் அன்ரி, என்று சொல்ல வாய் வரவில்லை, கையில் அவர் தந்த வடை இருந்தது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு இந்த இலக்கம் தேவையில்லை, அவரே வாசலில் இருக்கிறார். கொண்டி சரியில்லை என்றால் அவரிடமே சொல்லலாம், பிழை என்றால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். இலக்கம் தேவைப்படுவது கொழும்பிலிருக்கும் அந்த மனிதருக்கு. அவரைத்தான் யாருக்கும் தெரியாது. இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை, 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டு விடுதிகளையும் பதியலாம். அன்ரியின் மகன் அந்தப் பத்திரத்தை இறக்கி வைத்திருக்கிறாராம், அடுத்த லீவுக்கு வந்து நிரப்புவாராம். கொழும்புக்காரர் பதிந்தாரா என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை, விளம்பரத்தில் ஒரு இலக்கமும் இல்லை, போடச் சொல்லி ஆப் கேட்கவும் இல்லை.

என்னுடைய பயம் வேறு. சட்டத்தை இறுக்கினால் முதலில் மூச்சு முட்டுவது அன்ரிக்குத்தான். பத்திரம், கட்டணம், ஒவ்வொரு ஆள் வரும்போதும் அறிவித்தல் என்று வந்தால் அவர் அறையைப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார், கொழும்புக்காரர் சம்பளத்துக்கு ஒரு பிள்ளையை வைத்து எல்லாப் பத்திரத்தையும் நிரப்பிவிடுவார். இங்கிலாந்தில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். தான் குடியிருக்கும் வீட்டில் தளபாடம் போட்ட அறையை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு 7,500 பவுண் வரை வருமான வரி இல்லை. குடியிருக்கிறாயா, அப்ப இந்தா சலுகை. குடியிருக்கவில்லையா, அப்ப வா கணக்குப் பார்ப்போம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

தீர்த்தத்தன்று மாமாங்கத்துக்கு ஆட்டோ பிடித்த கதையையும் சொல்லிவிட வேணும். ஆப்பில் கூப்பிட்டோம், விலை ஸ்டாண்டில் கேட்டதில் முக்கால்வாசிதான் காட்டியது. ஆனால் ஆட்டோக்காரத் தம்பி வாசலுக்கு வரமாட்டேன் என்றார். பாலத்தடி ஸ்டாண்டில் உள்ள அண்ணன்மார் கண்டால் சண்டையாம், சந்தி தாண்டி ஒரு நூறு யார் நடந்து வரச் சொன்னார். வெறும் காலோடு, கையில் அர்ச்சனைத் தட்டோடு, தார் ரோட்டில் நூறு யார். ஏறி உட்கார்ந்ததும் அக்கா பேச்சுக் குடுத்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆப் ஒரு பங்கு வெட்டுகிறது, விலையை அதுவே வைக்கிறது, நட்சத்திரம் இறங்கினால் ஓட்டம் வராது, போன மாதம் இரண்டு நாள் கணக்கு நின்றுபோய் ஏன் என்று கேட்க ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றார். "நான் ஆரிட வேலை செய்யிறன் எண்டே தெரியா அக்கா."

அந்தக் கேள்வியைத்தான் லண்டனில், ஆப்பில் கூப்பிட்டால் வாகனம் அனுப்பும் ஊபரின் சாரதிகள் 2016இலிருந்து நீதிமன்றப் படி ஏறி ஏறிக் கேட்டார்கள். 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அவர்கள் தொழிலாளர்கள்தான், குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்தோடு லீவும் உண்டு என்று சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கென்று ஒரு பணிப்புரையே நிறைவேற்றியது, ஆப் உன்னை ஆட்டுவிக்கிறது என்றால் நீ அதன் ஊழியர் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேணும், இல்லை என்று காட்டுவது ஆப்பின் பாடு. கணக்கை நிறுத்துவது மாதிரி விஷயத்தை இயந்திரம் தனியாக முடிவெடுக்கக் கூடாது, மனிதர் ஒருவர் பார்க்க வேணும். நாடுகள் தங்கள் சட்டத்தில் இதைச் சேர்க்கக் கெடு 2026 டிசம்பர் 2. ஸ்டாண்ட் அண்ணன்மாருக்கும் அங்கே கூட்டாளிகள் இருக்கிறார்கள். பார்சிலோனா டாக்சிக்காரர் சங்கம் ஒன்று போட்ட வழக்கில்தான் 2017 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஊபர் வெறும் ஆப் இல்லை, போக்குவரத்துச் சேவை, ஆகவே அந்தந்த நாட்டுப் போக்குவரத்துச் சட்டத்துக்கு அது கட்டுப்பட வேணும் என்று தீர்த்தது.

ஆனால் அதே நீதிமன்றம் சரியாக இரண்டு வருஷத்தில், 2019 டிசம்பரில், ஏர்பிஎன்பி விஷயத்தில் வேறு மாதிரிச் சொன்னது. அது வீட்டுத் தரகர் இல்லை, இரண்டு பேரைச் சேர்த்துவைக்கும் இணையச் சேவைதான், வாடகையை வைப்பது வீட்டுக்காரர், ஆகவே பிரான்ஸ் அதனிடம் தரகர் அனுமதிப்பத்திரம் கேட்க முடியாது என்று. சட்டக் கணக்கில் சரியாக இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்குச் சவர்க்காரத் தலையோடு ஒரு பிள்ளை நிற்கும்போது, "நாங்கள் சேர்த்துத்தான் வைத்தோம், தண்ணீருக்கு வீட்டுக்காரரைக் கேளுங்கள்" என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அந்தத் தீர்ப்பு ருசிக்கவில்லை. அடுத்த வருஷமே, வீட்டுத் தட்டுப்பாடு உள்ள நகரம் வீட்டுக்காரரிடம் முன் அனுமதி கேட்கலாம் என்று பாரிஸ் வழக்கொன்றில் அதே நீதிமன்றம் சொன்னது கொஞ்சம் ஆறுதல். எங்களை நூறு யார் நடக்கவைத்ததற்கு அந்த ஆட்டோக்காரத் தம்பியை நாங்கள் திட்டவில்லை, ஐந்து நட்சத்திரம் போட்டு, ஸ்டாண்ட் விலையையே கையில் குடுத்தோம்.

நட்சத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஆப்களில் நட்சத்திரத்தை நம்பி வீடு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்ரி வீட்டுக்கு அத்தான் ஐந்து போட்டார். கொண்டி, ஏசிக் காசு, பொய்ப்படம், எல்லாம் தெரிந்தே போட்டார். சாப்பாடு போட்ட கைக்கு மூன்று நட்சத்திரம் குடுக்க எவனுக்கு மனம் வரும்? முதல் வீட்டுக்கு அவர் போட்டது நாலு. ஏன் என்று சண்டை பிடித்தேன். மீதிக்காசு இன்னும் வரவேண்டியிருக்கிறது, அந்தாளும் திருப்பி எங்களுக்கு நட்சத்திரம் போடுவான், அடுத்தமுறை ரோமில் வீடு கிடைக்காது என்றார். இப்படித்தான் இந்த நாலேமுக்கால்களும் ஐந்துகளும் உருவாகின்றன. சட்டம் எதற்கு, வாடிக்கையாளர் நட்சத்திரமே போதும் என்று வாதிடுகிறவர்கள் ஒருமுறை அத்தானோடு இருந்து விமர்சனம் எழுதிப் பார்க்கட்டும்.

நான் குடுப்பது அன்ரி வீட்டுக்கு நாலு. ஒரு நட்சத்திரத்தை அந்த வாவிப் படத்துக்காகக் கழிக்கிறேன், கொண்டியை மன்னித்துவிட்டேன், நாங்கள் கிளம்பும் நாளில் ஒரு தச்சரைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார். முதல் வீட்டுக்கு ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு.

போக நினைப்பவர்களுக்கு: ஆப்பில் தேடினால் படத்தில் மாமரத்தடி நாய் படுத்திருக்கும் வீடு. திருவிழா நாட்களில் பாலத்தில் நெரிசல் அதிகம், மாமாங்கத்துக்கு அரை மணித்தியாலம் முன்னாலேயே கிளம்புங்கள். காலையில் கோயில் ஸ்பீக்கர் நாலரைக்குத் தொடங்கும், அதற்கு முறைப்பாடு செய்யாதீர்கள், கேட்பார் இல்லை. என்ன வேணுமென்றாலும் ஆப்பில் எழுதாமல் ஜன்னலில் நின்று கூப்பிடுங்கள். அக்கா அடுத்த வருஷத் தீர்த்தத்துக்கும் இப்போதே சொல்லிவைத்துவிட்டார். மற்றவர்கள் செப்டெம்பரில் மட்டும் கேட்காதீர்கள், நடனம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.